சாட்சிக்கு எடுத்த படம்

அந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கோங்க அண்ணாச்சி. ஆங், போதும், போதும். தென்காசியா? நான் பாவூர்சத்திரத்துல எறங்கணும். ஆமா, துபாய் பைதான் இது. பை மட்டுந்தான் இப்ப துபாய். ஆளு வந்து கொஞ்ச நாளாச்சு. ஏன் வந்துட்டீங்கன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கத்தான் செய்யுதாங்க. சவத்த, கேட்டுட்டீங்க, சொல்லிருதேன். நீங்க கேக்கலையா? மனசுக்குள்ள கேட்டீங்கள்லா, அது போதும்.

ஒரு வார்த்த சொல்லுதேன், அர்த்தம் தெரியுமா பாருங்க. போசேரோ. தெரியாது என்ன? பிலிப்பைன்ஸ்காரங்க பேச்சு. அடுத்தவங்க உடுத்துததையும் குளிக்கதையும் ஒளிஞ்சு நின்னு பாக்கான்லா, அவனுக்கு அவங்க வச்சிருக்க பேரு. அந்தப் பேரச் சொல்லி என்னையக் கூப்பிட்டுட்டாங்க அண்ணாச்சி. என் ஃப்ளாட்டுல வச்சு, அத்தன பேரு முன்னால. காலேஜ் போற பிள்ளைக்கு அப்பன் நான். பாளையங்கோட்டை சமாதானபுரத்துல வந்து சிவசுப்புன்னு கேட்டுப் பாருங்க. தெருவுல தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போற ஆளுன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தி ஒரு குத்தம் சொல்லுவாளா? சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுதேன். நான் ஏசி மெக்கானிக். துபாய்ல தேரான்னு ஒரு இடம், அங்க பழைய பில்டிங்ல ஒரு ஃப்ளாட்டு என் பேருல எடுத்திருந்தேன். அங்க வாடகைய ஒத்த ஆளாக் குடுக்க முடியாது. அதனால ஹாலையும் ரூமையும் பலகை வச்சுத் தடுத்து, பெட்டி பெட்டியாப் பண்ணி ஆள் வைப்போம். ஒரு பெட்டிக்குள்ள ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி, வாசலுக்கு ஒரு திரை, அம்புட்டுத்தான். பலகை மேல வரைக்கும் போகாது. மேல ரெண்டு முழம் தெறந்துதான் கெடக்கும். ஹாலுக்கு ஏசி ஒண்ணுதான, மேல வரைக்கும் அடைச்சுட்டா காத்து எப்படிப் போகும்? ஒரு பக்கம் நம்ம ஆளுங்க, மறுபக்கம் பிலிப்பைன்ஸ்காரங்க, ஆம்பள பொம்பள எல்லாம் கலந்து. சட்டத்துக்கு ஆகாதுதான். தேரால எவன் சட்டப்படி குடியிருக்கான்?

என் மச்சினன் மாரித்துரையும் அங்கதான் இருந்தான். என் வீட்டுக்காரி பிரம்மசக்தியோட தம்பி. அவ இடுப்புல தூக்கி வளத்த பய. நான்தான் விசா எடுத்து, லிஃப்ட் கம்பெனி ஒண்ணுல சேத்துவிட்டு, என் ஃப்ளாட்டுலயே ஒரு பெட்டியும் குடுத்தேன். ஏர்போட்டுல வச்சு என் மாமியார் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'மருமகனே, எம்பிள்ளையப் பாத்துக்கோங்க'ன்னு அழுதாங்க. நான் பாத்துக்கிட்டேன். அதுதான் நான் செஞ்ச குத்தம்.

இந்தப் பிலிப்பைன்ஸ்காரங்க வழக்கத்தக் கேளுங்க. ஒரு பொண்ணும் ஒரு பையனும் சேர்ந்து நின்னு ரெண்டு தடவ சிரிச்சாப் போதும், மொத்தப் பேரும் 'ஆயியீ'ன்னு ராகம் போட்டுக் கூவுவாங்க. நம்ம பக்கம் அப்படிக் கூவினா அருவாளத்தான் தூக்குவான். அங்க அந்தப் பொண்ணு மூஞ்சிய மூடிக்கிட்டுச் சிரிக்கும். அடுத்தவன் காதலப் பாத்து நமக்கு வயித்துக்குள்ள கூசுதாம், அதுக்கு கிலிக்குன்னு ஒரு வார்த்த வச்சிருக்காங்க அண்ணாச்சி. வேல வெட்டி இல்லாத சனம். ஆசைய வெளிய சொல்லத் தைரியம் இல்லாத பயலுக்கு ஒரு பேரு, தோர்பே. ஊர்ப்புறணி பேசுதவளுக்கு ஒரு பேரு, மரிடெஸ். காதலிக்க ஆரம்பிச்ச தேதிக்கு மாசா மாசம் கேக்கு வெட்டுவாங்க. வருசத்துக்கு இல்ல, மாசத்துக்கு. நான் கல்யாண நாளையே மறந்துட்டு இம்புட்டு வருசம் குடும்பம் நடத்தினவன். எனக்கு அதெல்லாம் பாக்கவே குமட்டும்.

அதே ஆளுங்க இன்னொரு வேஷமும் போடுவாங்க. ரெண்டு பேரு நின்னு பேசிக்கிட்டிருந்தா, நடுவுல கடந்து போவும்போது கூனிக் குறுகி, கைய முன்னால நீட்டி, மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போவாங்க. திரை மூடியிருந்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க. பலகைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் அழுதான்னு வைங்க, இந்தப் பக்கம் டிவி சத்தத்தக் கூட்டி வைப்பாங்க, கேக்காத மாதிரி. ஹால்ல எல்லார் முன்னாலயும் தோள்ல சாஞ்சுக்கலாம், அதுல வெக்கம் கெடையாது. நாம ஒரு பார்வ பாத்தா மட்டும் வெக்கம் வந்துருமாம். நம்ம ஊர்ல இந்த ரெட்ட வேஷம் உண்டா? ஒளிச்சுத்தான் காதலிப்பான், ஊரு பூராவும் பாக்கும். அதுல்லா ஒழுங்கு.

டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி. இவரும் எடுத்துட்டாரு. போ.

ரொவேனான்னு ஒருத்தி. மாரித்துரை பெட்டிக்கு எதுத்த பெட்டி. பல் ஆஸ்பத்திரியில டாக்டருக்குக் கூடமாட நிக்க வேல. அழகின்னு சொல்லிற முடியாது. மூக்கு சப்ப. முடி மட்டும் இடுப்பு வரைக்கும் உண்டு. காலையில குளிச்சிட்டு வந்து ஈரமுடிய ஒரு பக்கமாப் போட்டு, மஞ்சச் சீப்பு ஒண்ணு வச்சிருக்கா, பல்லு பெரிசா இருக்கும், அதால நுனியில இருந்து ஆரம்பிச்சு மேல மேல சீவுவா. லீவு நாள்ல நகத்துக்குச் சாயம் போடுவா, கால்ல மட்டும். தூங்கும்போது வலது கைய மடக்கிக் கண்ணு மேல வச்சுக்கிடுவா. என்ன அப்படிப் பாக்கீங்க? ஒரே வீட்டுல இருந்தா இதெல்லாம் தெரியாமலா போவும்? பலகைதான அண்ணாச்சி, செவுரா?

மாரித்துரை அவளப் பாத்து முழிக்கான், வாயத் தெறக்கல. அந்தக் கூட்டம் தோர்பே, தோர்பேன்னு கேலி பண்ணிப் பண்ணியே ஏத்திவிட்டுட்டு. ஒரு லீவு நாள் மத்தியானம் ஹால்ல எல்லாரும் சாப்பிட ஒக்காந்திருக்கோம். இவன் எந்திரிச்சு நின்னு, அவளப் பாத்து இங்கிலீசுல ரெண்டு வார்த்த சொன்னான். வீடே கூவுச்சு. ஆத்தே ஜினா கண்ணத் தொடைச்சுக்கிட்டா. ஆத்தேன்னா அவங்க பேச்சுல அக்கா. அம்பது வயசிருக்கும், அந்தக் கூட்டத்துக்கு அவதான் பெரிய மனுசி. நான் மட்டும் சோத்துல கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். என் மச்சினன், என் ஃப்ளாட்டு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு எவனுக்காவது தோணுச்சா?

மறுநா கூப்பிட்டுக் கேட்டேன். "என்னலே இதெல்லாம்?"

"அத்தான், நான் வீட்டுல பேசிக்கிடுதேன். நீங்க கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க."

வீட்டுல பேசிக்கிடுதானாம். இவனாவது, பேசுததாவது. நாளைக்கு அவ பாட்டுக்கு இவன மொட்டையடிச்சு விட்டுட்டுப் போயிட்டான்னா, பிரம்மசக்தி யாரு சட்டையப் புடிப்பா? என் சட்டையத்தான. அதுக்குன்னு சும்மா வாயால சொன்னா என் மாமியார் நம்புவாங்களா? எம்பிள்ள அப்படிப்பட்டவன் இல்லம்பாங்க. படம் வேணும். சாட்சி வேணும். அதுக்குத்தான் அண்ணாச்சி. அது ஒண்ணுக்குத்தான்.

ஏசி பில்டரக் கழுவுதது என் சோலி. மாசத்துக்கு ஒரு தரம் கழுவினா போதும்பாங்க. தேரா தூசிக்கு வாரம் ஒரு தரம் கழுவினா நல்லது. நான் வாரத்துக்கு நாலஞ்சு தரம் கழுவினேன். நல்லதுதான, யாருக்கு நட்டம்? அலுமினிய ஏணிதான், ஹால் நடுவுல வைப்பேன். சில நேரம் இந்தப் பக்கமா, அவ பெட்டிய ஒட்டி. அங்க நின்னாத்தான் கை எட்டும். ஏறினா தல பலகைக்கு மேல போகத்தான் செய்யும். அதுக்குக் கண்ணக் கழட்டி சட்டப்பையில போட்டுக்கிட்டா ஏற முடியும்?

ஒருநா ஆத்தே ஜினா வந்து நின்னா. சிரிச்ச மூஞ்சிதான். "குயா சிவா, ஏணி வைக்கதுக்கு முன்னால பலகையில ரெண்டு தட்டு தட்டிருங்க"ன்னா. குயான்னா அண்ணாச்சி. மரியாதையாக் கூப்பிட்டுக்கிட்டே ஊசி ஏத்துததுல அவங்கள அடிச்சுக்க ஆள் கெடையாது. "என் ஃப்ளாட்டு, என் ஏசி, நான் யாருக்குத் தட்டணும்?"னேன். அதுக்கும் சிரிச்சா.

மறுநா வேல முடிஞ்சு வந்து பாக்கேன், ரொவேனா பெட்டிக்கு மேல ஒரு பெட்ஷீட்ட இழுத்துக் கட்டியிருக்கு. கூடாரம் போட்ட மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். காத்து எப்படிப் போகும்? ஒருத்தி மூடிக்கிட்டுக் கெடக்கணும்னு மத்தவங்க வேகணுமா? ஏறி அவுத்துப் போட்டேன். அவ திருப்பிக் கட்டினா. நான் திருப்பி அவுத்தேன். பொறவு ஹால்ல நின்னு எல்லாருக்கும் கேக்க சொன்னேன், இருந்தா என் இஷ்டத்துக்கு இருக்கணும், இல்லன்னா பெட்டியக் காலி பண்ணிட்டுப் போவணும்னு. மாரித்துரை அன்னைக்கு டியூட்டிக்குப் போயிருந்தான். அவகிட்ட இருந்து அவனுக்குச் சேதி போகல. போயிருந்தா அன்னைக்கே அடிதடியாகியிருக்கும். ஏன் சொல்லலன்னு தெரியல, அழுத்தக்காரி.

அதுல இருந்து அவ வீட்டுக்குள்ளயே ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா. மழைக்குப் போடுவாங்கள்லா, கழுத்து வரைக்கும் ஜிப்பு வச்சது, அது. வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. தூங்கும்போதும் அதத்தான் போட்டிருந்தா. கேட்டதுக்கு ஏசி குளுருதுன்னா. அண்ணாச்சி, ஏசி குளுருதுன்னா என்ன அர்த்தம்? நான் பில்டர் கழுவினதுல குத்தமே இல்லன்னு அர்த்தம். அவ வாயாலயே சொன்னது அது.

தூங்கும்போதும் போட்டிருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? அட, விடுங்க. கத வேற பக்கம் போவுது.

ஒரு லீவு நாள் சாயங்காலம். பாதிப் பேரு வெளிய போயிட்டாங்க. ரொவேனா பெட்டிக்குள்ள இருந்து மாரித்துரை சிரிக்க சத்தம் கேக்கு. அவளும் சிரிக்கா. சரி, மாட்டினாங்கன்னு ஏணியப் போட்டு ஏறினேன். கட்டில்ல ரெண்டு பேரும் ஒக்காந்திருக்காங்க. அவ தல இவன் தோள்ல. அவ கையில போன், ரெண்டு பேரும் அதுக்குள்ளயே பாத்துக்கிட்டிருக்காங்க. எடுத்தேன். படம் தெளிவா விழுந்துச்சு. நெஞ்சுல பால வாத்த மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. பொறவு மாரித்துரை என்னக் கேட்டான், 'வாசல் திரை பூரா தெறந்துதான அத்தான் இருந்துச்சு, முன்னால வந்து நின்னே பாத்திருக்கலாமே'ன்னு. அவங்க வழக்கம் அதுவாம், ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள இருந்தா திரையத் தெறந்து வைக்கணுமாம். நான் எப்படி முன்னால போய் நிக்க? ஆள் வாரது தெரிஞ்சா ஒழுங்கா ஒக்காந்துக்கிடுவாங்கள்லா?

படத்தப் பிரம்மசக்திக்கு வாட்சப்ல அனுப்பினேன். அங்கதான் ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு. என் வெரலப் பாத்தீங்கள்லா, ஸ்பேனர் புடிச்ச வெரல். ஒண்ணத் தொட்டேன், அதுக்கு முன்னால எடுத்ததும் எல்லாம் சேர்ந்து போயிட்டு. கொஞ்சம் நெறயத்தான் இருந்துச்சு.

அவ பாத்துட்டா, ரெண்டு டிக்கும் நீலமாயிட்டு. அழுதுகிட்டிருப்பா, தம்பி இப்படிக் கெட்டுப் போயிட்டானேன்னு தலையில அடிச்சுக்கிட்டிருப்பான்னு நெனச்சேன். எனக்கே கொஞ்சம் பாவமா இருந்துச்சு. என்ன சொல்லித் தேத்தணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். போன் அடிச்சுது. எடுத்தேன். அழல. பைய, ரொம்பப் பைய கேக்கா.

"ஏங்க, இத நீங்க எங்க நின்னு எடுத்தீங்க?"

பாத்தீங்களா கேள்விய? வீடு பத்தி எரியுது, தீப்பெட்டி எந்தக் கடையில வாங்கினதுன்னு கேக்கா. "அது கெடக்கட்டும், உன் தம்பி லெச்சணத்தப் பாத்தியா?"ன்னேன்.

"பாத்தேன். அந்தப் பிள்ள கையில ஒரு போன் இருக்குல்லா, அதப் பெரிசு பண்ணிப் பாருங்க."

பெரிசு பண்ணினேன். போனுக்குள்ள ஒரு மூஞ்சி சிரிச்சுக்கிட்டிருக்கு. பின்னால எங்க வீட்டு அடுப்படி, பச்சை டைல்ஸ். பிரம்மசக்தி அண்ணாச்சி. என் பொண்டாட்டி. கையில கரண்டிய வச்சுக்கிட்டு, பல்லு அம்புட்டும் தெரிய, நான் அவ அப்படிச் சிரிச்சுப் பாத்தே ரொம்ப வருசமாச்சு.

விசாரிச்சா, இவன் ஹால்ல எந்திரிச்சு நின்னு சொன்னாம்லா, அன்னைக்கு சாயங்காலமே ரொவேனா அவன்கிட்ட சொல்லியிருக்கா, உன்ன வளத்த அக்காகிட்ட மொதல்ல பேசு, அவங்க சரின்னாத்தான் நான் பதில் சொல்லுவேன்னு. அவங்க ஊர் முறை அதுவாம். பையன் வீட்டுப் பெரியவங்கள அவ பாக்கணும், அவ வீட்டுப் பெரியவங்கள இவன் பாக்கணும். இவனும் வாரா வாரம் அவ அம்மாகிட்ட வீடியோவுல பேசி, அவ அப்பன் பாடச் சொன்னான்னு பாட்டெல்லாம் பாடியிருக்கான், வெக்கங்கெட்ட மூதி. இங்க என் மாமியாருக்குத் தெரியும். என் மக ஆவுடைச்செல்விக்குத் தெரியும். ரொவேனா பிரம்மசக்திய ஆத்தேன்னுதான் கூப்பிடுதாளாம். ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தாளாம் இவ. எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு விஷயந்தான் யோசிச்சுக்கிட்டிருந்திருக்காங்க, அத எப்படி என்கிட்ட சொல்லதுன்னு.

நீங்களே சொல்லுங்க. என் பொண்டாட்டி, எனக்குத் தெரியாம, என் ஃப்ளாட்டுக்குள்ள வந்து ஒக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கா. ஒளிஞ்சு பாத்தது நானா, அவளா? இதையும் அவகிட்ட கேட்டேன்.

அவ அந்தப் படத்தையே புடிச்சுக்கிட்டு நின்னா. "என் தம்பி இருக்கது ஒரே ஒரு படத்துலதான். மத்த எல்லாத்துலயும் அந்தப் பிள்ள மட்டுந்தான இருக்கா. தூங்குதா. தல சீவுதா. உடுத்திக்கிட்டு..."

"அதெல்லாம் இவன் வருவான், வருவான்னு காத்திருந்து எடுத்தது"ன்னேன். உள்ளதச் சொன்னேன். சாட்சின்னா சும்மா கெடைக்குமா, காத்திருக்கணும்லா. அவ போன வச்சிட்டா.

தம்பிக்குச் சொல்லிட்டா. புருசன்கிட்ட ஒரு வார்த்த ஆற அமரக் கேக்கல, தம்பிக்குப் போன் போட்டுட்டா. அவன் வந்தான். அடிக்கப் போறான்னு நெனச்சு நான் செவுத்தோரமா நின்னேன். அவன் என்னத் தொடல. ஏணிய மடக்கி எடுத்துக்கிட்டுப் போய் வெளிய லிஃப்டுப் பக்கம் வச்சுட்டு வந்தான். பொறவு என் போன வாங்கிப் படத்தையெல்லாம் அழிச்சான். ஒவ்வொண்ணாப் பாத்து அழிக்கல, கண்ண மூடிக்கிட்டு மொத்தமா அழிச்சான். எல்லாரும் ஹாலுக்கு வந்துட்டாங்க. ரொவேனா கடைசியில நிக்கா, அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு. ஆத்தே ஜினாதான் அந்த வார்த்தையச் சொன்னது. சத்தம் போட்டுத் திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவ சாதாரணமாச் சொன்னா, இது தக்காளி, இது வெங்காயம்ங்குத மாதிரி. போசேரோ. கூவுத கூட்டம்லா, அன்னைக்கு ஒருத்தரும் வாயத் தெறக்கல.

அந்த ஊர்ல அடுத்தவங்க அறைக்குள்ள படம் எடுத்தா ஜெயில், பொறவு நாட்ட விட்டே அனுப்பிருவான். ஆத்தே ஜினா போலீசுக்கு அடிக்கப் போனா. ரொவேனாதான் வேண்டாம்னா. 'ஆத்தே சக்திக்கு ஒரு மக இருக்கா. அப்பா ஜெயில்ல இருக்காருன்னு அந்தப் பிள்ள காலேஜ்ல போய்ச் சொல்லக் கூடாது'ன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் மகளுக்கு இரக்கம் காட்ட இவ யாரு? யார் கேட்டா இவகிட்ட? மாரித்துரை சொன்னான், "அத்தான், ஒண்ணு நீங்க வேலைய முடிச்சுக்கிட்டு ஊருக்குப் போவணும். இல்லன்னா நானே கூட்டிட்டுப் போய் போலீசுல விடுவேன். நீங்களே சொல்லுங்க." விசா எடுத்துக் குடுத்த ஆள்கிட்ட பேசுத பேச்சா அது? நான் வந்துட்டேன். பயந்து வரல. மானத்துக்கு வந்தேன்.

ஆலங்குளம் தாண்டிட்டு பாருங்க. கொஞ்ச நேரந்தான் இனி.

வீட்டுக்கு வந்தா, அது அதுக்கு மேல. பிரம்மசக்தி சோறு போடுவா, தட்ட வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருவா. பாத்ரூம் வென்டிலேட்டர்ல பழைய சேலையச் சுருட்டி அடைச்சு வச்சிருக்கா. ஆவுடை ரூம் சன்னலுக்கு உள்ள இருந்து அட்டைய ஒட்டியிருக்கு. என்னன்னு கேட்டேன், கொசுன்னா. சமாதானபுரத்துல கொசு உண்டுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஆவுடை ரூமுக்குள்ள நான் போனா, படிச்சுக்கிட்டிருக்க பிள்ள சடார்னு எந்திரிச்சு துப்பட்டாவ எடுத்துப் போட்டுக்கிட்டு செவுத்தோட நிக்குதே, அதுவும் கொசுவுக்கா? சின்னப் பிள்ளையில என் நெஞ்சு மேல படுத்துத்தான் தூங்கும். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செஞ்சிட்டேன்? அவ அம்மா என்னத்தையோ சொல்லிக் கெடுத்துருக்கா.

ஒருநா கடைக்குப் போயிட்டு வாரேன், வீடு பூட்டிக் கெடக்கு. ரெண்டு பேரும் பாவூர்சத்திரத்துக்கு, என் மாமியார் வீட்டுக்குப் போயிட்டாங்க. பிள்ள அங்க இருந்து தெனமும் பஸ்ஸு ஏறி காலேஜுக்கு வந்துட்டுப் போவுதாம். அடுத்த மாசம் ரொவேனா வாரா, நிச்சயதார்த்தம். என் மாமியார் அவளுக்குப் பட்டு எடுத்து வச்சாச்சு. அந்த வீட்டு மூத்த மருமகன் நான். எனக்கு ஒரு வார்த்த சொல்லல.

அதான் கூட்டிட்டு வரப் போறேன். என் பொண்டாட்டி, என் பிள்ள, என் வீட்டுலதான் இருக்கணும். நேத்து போன் போட்டேன். பிரம்மசக்தி எடுக்கல, ஆவுடைதான் எடுத்தா. "நாளைக்கு அப்பா வாரேன், அம்மாவ ரெடியா இருக்கச் சொல்லு"ன்னேன்.

"வாங்கப்பா. அந்தப் போன மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க."

அழுதுகிட்டுச் சொல்லியிருந்தா அதட்டியிருப்பேன். அழல. அவ அம்மா மாதிரியே, பையத்தான் சொன்னா. பொய் சொல்லல அண்ணாச்சி. நேத்து சோறு எறங்கல. ஒரே பிள்ள. நான் பெத்த பிள்ள எனக்குப் பயப்படுது. அத நெனச்சா சங்கடமாத்தான் இருக்கு. காலையில கெளம்பும்போது போன மேசையில வச்சுட்டு, கதவப் பூட்டிட்டு, தெருமுனை வரைக்கும் வந்துட்டேன்.

பொறவு யோசிச்சேன். வச்சுட்டுப் போனா என்ன அர்த்தம்? ஆமா, நான் அப்படிப்பட்டவன்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆவும். திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தேன். இந்தா இருக்கு. மாரித்துரை அழிச்சான்தான், ஆனா நான் பிரம்மசக்திக்கு அனுப்பினது வாட்சப்ல கெடக்கும்லா, அது அந்தப் பயலுக்குத் தோணல. அம்புட்டையும் திருப்பி எடுத்து வச்சுட்டேன். நான் ஏன் அழிக்கணும்? அழிச்சா எதையோ மறைக்கான்னு பேசுவாங்க. இன்னைக்கு மாமியார் வீட்டுல எல்லாரையும் ஒக்கார வச்சு, என் மகளையும் ஒக்கார வச்சு, ஒவ்வொண்ணாக் காட்டப் போறேன். பாத்துட்டுச் சொல்லட்டும், இதுல என்ன தப்பு இருக்குன்னு.

நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. மூணாம் மனுசன், உங்களுக்கு யாரு பக்கமும் கெடையாது. நீங்களே பாருங்க. இது மொதல்ல எடுத்தது. என்ன, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புதீங்க? வெளிய என்ன இருக்கு, வெறும் காடுதான கெடக்கு. எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. இங்க பாருங்க அண்ணாச்சி. பாத்தாத்தான ஞாயம் சொல்ல முடியும்.